ஒசாகா மாநகரின் காட்சிச் சாலைகளும் நமது கடமையும்

(கல்விக் கழகத்தின் வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நம் கழகம் 25 ஆண்டுகளைக் கடந்து நிற்கிறது. இத்தகைய விழாவில் கல்வியின் சிறப்பைப் பற்றிப் பேசுவதே மரபு. அதனை நமக்கு முன்னர்ப் பேசிய பெருமக்கள் செவ்வனே செய்துவிட்டனர். ஆகவே நாம் சற்று விலகி, கடல் கடந்த ஒரு நகரத்திற்கு உங்களை அழைத்துச் செல்ல விழைகிறோம். அது ஜப்பான் நாட்டின் ஒசாகா மாநகரம். அந்நகரின் அருங்காட்சியகங்களையும் பூங்காக்களையும் பற்றிப் பேசப் போகிறோம் என்றதும், "வெள்ளி விழாவில் சுற்றுலாக் கதை எதற்கு?" என்று இளைஞர்களில் சிலர் எண்ணக்கூடும். பொறுத்திருந்து கேட்குமாறு வேண்டுகிறோம். நாம் அங்கே பயணம் போய் வந்தவர்கள் அல்லோம். படித்தும் கேட்டும் அறிந்தவற்றையே உங்கள்முன் வைக்கிறோம்.

ஒரு நகரம் எதனைக் கண்ணாடிப் பேழைக்குள் வைத்துக் காக்கிறது, எதனை மண்ணுக்குள் புதைக்கிறது என்பதைக் கண்டால், அந்நகரின் உள்ளம் விளங்கிவிடும். ஒசாகாவை நாம் இந்தக் கண்கொண்டே காண்போம்.

முதலில் கோட்டை. ஒசாகாவுக்குச் செல்வோர் எல்லோரும் முதலில் காண்பது அதனையே. 1583-ஆம் ஆண்டு தோயோதோமி ஹிதேயோஷி என்ற தலைவன் அதனைக் கட்டத் தொடங்கினான். அகன்ற அகழிகள், மலையெனக் குவித்த கருங்கற் சுவர்கள், அவற்றுள் ஒரே கல் நூறு டன்னுக்கு மேல் எடையுள்ளது என்பர். ஹிதேயோஷி அரச குலத்தில் பிறந்தவன் அல்லன். எளிய குடியில் பிறந்து, படையில் கடைநிலைப் பணியில் சேர்ந்து, தன் ஆற்றலால் நாடு முழுவதையும் தன் ஆணைக்குள் கொண்டுவந்தவன். கேட்கும்போதே நமக்கு மகிழ்ச்சி உண்டாகிறது அன்றோ?

ஆனால் மேலே ஏறியதும் அவன் செய்தது என்ன? 1588-இல் உழவர்களின் கையிலிருந்த வாள்களைப் பறித்தான். 1591-இல் போர்வீரன் உழவனாகவோ வணிகனாகவோ ஆகக் கூடாது, உழவன் நிலத்தைவிட்டு வாணிகத்திற்குச் செல்லக் கூடாது என்று ஆணையிட்டான். தான் ஏறி வந்த ஏணியைத் தானே எட்டி உதைத்தான். அவனுக்குப் பின் வந்த தோக்குகாவா ஆட்சியில் பிறப்பின்படி மனிதரைப் பிரிக்கும் ஒழுங்கு மேலும் இறுகியது. அதன் அடித்தட்டிலும் சேராமல் வெளியே தள்ளப்பட்ட மக்கள் உண்டு. இறந்த மாட்டை அகற்றுதல், தோல் பதனிடுதல், குற்றவாளிகளுக்குத் தண்டனை நிறைவேற்றுதல் போன்ற பணிகள் அவர்கள்மீது சுமத்தப்பட்டன. அவர்களுக்குத் 'தீட்டு நிறைந்தோர்' என்று பொருள்படும் பெயரும் சூட்டப்பட்டது. அவர்களின் வழித்தோன்றல்களையே இன்று புராக்கு மக்கள் என்கின்றனர். நம்மில் ஒருவர் படித்துப் பதவி பெற்றதும் ஊரை மறந்துவிடுவதைக் காணும்போதெல்லாம், ஹிதேயோஷியின் ஏணி நம் நினைவுக்கு வர வேண்டும்.

இன்று நாம் காணும் கோட்டைக் கோபுரம் பழையது அன்று. 1665-இல் இடி விழுந்து எரிந்துபோன பின்னர், ஏறத்தாழ இரண்டரை நூற்றாண்டுகள் கழித்து 1931-இல் சிமெண்டுக் காரையால் எழுப்பப்பட்டது அது. அதற்கு ஒசாகா நகர மக்கள் மனமுவந்து 15 இலட்சம் யென் நன்கொடை தந்தனர். அப்பணத்தில் பாதிக்கு மேற்பட்ட பங்கு கோட்டைக்குள் படைத் தலைமையகம் கட்டச் செலவாயிற்று. கோட்டை வளாகத்தில் இருந்த பெரும் ஆயுதத் தொழிற்சாலை 1945 ஆகஸ்டு 14 அன்று, போர் முடிவதற்கு ஒரு நாள் முன்பு, குண்டு வீச்சில் தரைமட்டமாயிற்று. மக்கள் தந்த பொருள் மக்கள் எண்ணியவாறே செலவாகும் என்பதற்கு உறுதி இல்லை. இச்செய்தியைச் சற்றே மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். பின்னர் இதற்குத் திரும்பி வருவோம்.

அடுத்து, நகரின் தெற்கே டென்னோஜி என்னும் பகுதிக்கு வருவோம். இங்கே 593-இல் இளவரசர் ஷோதோக்கு நிறுவியதாகக் கூறப்படும் சிதென்னோஜி என்ற பௌத்தக் கோயில் இருக்கிறது. அருகே 1909-இல் திறக்கப்பட்ட பெரும் பூங்காவும், 1915-இல் திறக்கப்பட்ட உயிர்க்காட்சிச் சாலையும் இருக்கின்றன. சூதென்காக்கு என்ற கோபுரமும் அண்மையிலேயே உண்டு. 1912-இல் எழுந்த முதற்கோபுரம் போர்க்காலத்தில் பிரித்தெடுக்கப்பட்டது. இப்போதுள்ளது 1956-இல் எழுந்தது. குழந்தைகள் யானையையும் புலியையும் கண்டு களிக்கும் இடம் அது. ஆனால் அந்த மண்ணில் அதற்கு முன்பு நடந்த ஒரு காட்சியை நாம் அறிந்துகொள்ள வேண்டும்.

1903-ஆம் ஆண்டு மார்ச்சு முதல் ஜூலை வரை இவ்விடத்தில் ஜப்பான் அரசின் ஐந்தாவது தொழிற் பொருட்காட்சி நடைபெற்றது. நாற்பது இலட்சத்திற்கும் மேற்பட்டோர் வந்து கண்டனர். அதன் வாயிலுக்கு எதிரே தனியார் சிலர் 'மனித இனக் காட்சிக் கூடம்' என்ற பெயரில் ஒரு கொட்டகை அமைத்தனர். மாந்தவியல் அறிஞர்களின் துணையும் அதற்கு இருந்தது. உள்ளே காட்சிக்கு வைக்கப்பட்டவை பொருள்கள் அல்ல, உயிருள்ள மனிதர்கள்! வட நாட்டு ஐனு மக்கள், தைவானின் பழங்குடியினர், கொரியர், ஒக்கினாவாப் பெண்கள் இருவர், ஜாவா நாட்டினர் ஆகியோருடன் நம் இந்தியாவைச் சேர்ந்தவர்களும் அங்கே நிறுத்தப்பட்டனர். பணம் கொடுத்து உள்ளே சென்றவர்கள் அவர்களை வேடிக்கை பார்த்தனர். பார்க்கப்படுவோர் யார், பார்ப்போர் யார் என்பதை அந்தக் கொட்டகை முடிவு செய்தது. அங்கு நின்ற மனிதனின் நெஞ்சில் என்ன ஓடியது என்று எந்த அட்டையிலும் எழுதப்படவில்லை.

எதிர்ப்பும் எழுந்தது. சீனர்கள் கண்டித்தனர், அவர்களைக் காட்சிக்கு வைக்கும் எண்ணம் கைவிடப்பட்டது. கொரியர்கள் கண்டித்தனர். ஒக்கினாவா நாளேடும் கடுமையாக எழுதியது. அவ்விரு பெண்களும் இடையிலேயே திருப்பி அனுப்பப்பட்டனர். ஆனால் தோழர்களே, அந்த நாளேட்டின் வாதம் எவ்வாறு இருந்தது என்பதே நாம் கூர்ந்து நோக்க வேண்டியது. மனிதரைக் காட்சிப் பொருளாக்குவது தவறு என்பதோடு அது நிற்கவில்லை. எங்களை ஐனு மக்களோடும் தைவான் பழங்குடியினரோடும் ஒன்றாக எண்ணி நிறுத்தினீர்களே, அதுவே பெரும் இழிவு என்று அது கொதித்தது. கூண்டு தவறு என்று முழுமனத்தோடு சொல்ல அதற்கு வாய் வரவில்லை. 'எங்களுக்கு இந்தக் கூண்டு பொருந்தாது' என்றே சொல்ல வந்தது.

அண்ணல் அம்பேத்கர் சாதி முறையைப் படிநிலைச் சமத்துவமின்மை என்று விளக்கினார். மேலே ஒருவன் மிதித்தாலும், கீழே மிதிக்க ஒருவன் இருக்கிறான் என்ற எண்ணமே அந்தக் கட்டடத்தைத் தாங்கி நிற்கிறது என்றார். அவ்விளக்கத்தை ஒசாகாவின் அந்தக் கொட்டகையிலும் காண்கிறோம். நம்முள்ளும் உட்பிரிவு பேசுவோர் உண்டு. பெண் கொடுக்கவும் எடுக்கவும் தயங்குவோர் உண்டு. துப்புரவுப் பணி செய்வோரைச் சற்றுத் தள்ளி அமர வைப்போர் உண்டு. யாரையும் குறை கூற இதனைச் சொல்லவில்லை. நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி என்பதால் சொல்கிறோம்.

இனி நகரின் வடக்கே, சுயிட்டா என்னும் இடத்திலுள்ள பெரும் பூங்காவை எட்டிப் பார்ப்போம். 1970-இல் அங்கே உலகப் பொருட்காட்சி நடந்தது. 77 நாடுகள் கலந்துகொண்டன. ஆறு கோடியே நாற்பது இலட்சம் பேர் வந்தனர். ஒக்கமோதோ தாரோ என்ற கலைஞர் அமைத்த 'கதிரவன் கோபுரம்' 70 மீட்டர் உயரத்தில் இன்றும் நிற்கிறது. பூங்காவிலேயே தேசிய மக்களினவியல் அருங்காட்சியகம் 1977-இல் திறக்கப்பட்டது. உலக மக்களின் கலப்பை, படகு, உடை, இசைக்கருவி என்று மூன்று இலட்சத்திற்கும் மேற்பட்ட பொருள்கள் அங்கே சேர்த்து வைக்கப்பட்டுள்ளன. எந்த மக்களின் பண்பாடும் மற்றொன்றைவிடத் தாழ்ந்ததன்று என்ற கொள்கையோடு அது தொடங்கப்பட்டது. 1903-இலிருந்து 1977-க்குள் நகரம் நெடுந்தூரம் நடந்துவிட்டது என்றே சொல்லலாம். எனினும் அங்கும் பிறர் பொருளைப் பிறர் சேர்த்து, பிறர் விளக்கம் எழுதினர். ஒடுக்கப்பட்ட மக்கள் தம் கதையைத் தாமே சொன்ன இடம் ஒன்று ஒசாகாவில் இருந்தது. அங்கே செல்லவே இவ்வளவு தூரம் உங்களை நடத்தி வந்தோம்.

நானிவா வட்டத்தில் அஷிஹராபாஷி என்ற ஒரு சிறு தொடர்வண்டி நிலையம் உண்டு. அதன் சுற்றுப்புறமே பழைய வாதனாபே கிராமம். மேற்கு ஜப்பானின் தோல் வாணிகத்திற்கும் முரசு செய்தலுக்கும் பெயர் பெற்ற ஊர் அது. கோயில் திருவிழாக்களில் முழங்கிய பெரு முரசுகளுக்கு மாட்டுத் தோல் போர்த்தியவர்கள் இவ்வூர் மக்கள். முரசு புனிதம், முரசு செய்தவன் தீட்டு! நம் பறையின் கதையை அறிந்த உங்களுக்கு இதனை நாம் விளக்கவும் வேண்டுமோ?

1871-இல் ஜப்பான் அரசு ஓர் ஆணையால் இழிபெயர்களை ஒழித்தது. பெயர் ஒழிந்தது, இழிவு ஒழியவில்லை. மறு ஆண்டு எடுக்கப்பட்ட குடும்பப் பதிவேட்டில் பழைய நிலையைக் காட்டும் குறிப்புகள் பல இடங்களில் ஏறின. அப்பதிவேட்டைப் பிறர் பார்க்கக் கூடாதென்று அரசு தடுத்தது 1968-இல்தான். ஏறத்தாழ நூறாண்டுக் காலம் திருமணத்திற்கும் வேலைக்கும் ஆள் விசாரிப்போர்க்கு அந்த ஏடு உதவிற்று. அது மூடப்பட்ட பின்னும், புராக்கு ஊர்களின் பெயர்களைத் தொகுத்து அச்சிட்ட பட்டியல் ஒன்று மறைவாக விற்கப்பட்டது. 200-க்கும் மேற்பட்ட நிறுவனங்கள் அதனை வாங்கியிருந்தன என்ற உண்மை 1975-இல் ஒசாகாவில் தொடங்கி வெளிப்பட்டது. ஏடு என்பது இருமுனைக் கத்தி. பிறர் கையில் இருந்தால் அது நம்மைக் குத்தும். நம் கையில் இருந்தால் நம்மைக் காக்கும்.

புராக்கு மக்கள் வாளாவிருக்கவில்லை. 1872-இலேயே இப்பகுதியில் ஒரு தொடக்கப் பள்ளி தோன்றியது. பின்னாளில் அது சகாயே பள்ளி எனப் பெயர் பெற்றது. தோல் தொழிலில் ஈட்டிய பொருளை மக்கள் பள்ளிக்கு வழங்கினர். 1922 மார்ச்சு 3 அன்று கியோத்தோ நகரில் அவர்கள் கூடி, 'சமன் செய்வோர் சங்கம்' எனப் பொருள்படும் சூய்ஹெய்ஷாவை நிறுவினர். பிறர் இரங்கி உதவ வேண்டுமென அவர்கள் கேட்கவில்லை. தம் முயற்சியாலேயே தம் விடுதலை என்று உலகுக்கு அறிவித்தனர். முட்கிரீடம் பொறித்த கருங்கொடி அவர்களுடையது. 

அப்பள்ளி நின்ற இடத்தில் 1985-இல் ஓர் அருங்காட்சியகம் எழுந்தது. ஒசாகா மனித உரிமை வரலாற்று நிலையம் என்பது அதன் முதற்பெயர்; 1995 முதல் ஒசாகா மனித உரிமை அருங்காட்சியகம் எனப்பட்டது. அங்கே முரசும், தோல் பதனிடும் கருவிகளும், கூட்டங்களின் அறிவிப்புத் தாள்களும் இருந்தன. சேர்த்து வைத்த பொருள்கள் ஏறத்தாழ 30,000. ஆனால் புராக்கு மக்களின் கதையோடு மட்டும் அவர்கள் நிற்கவில்லை. ஐனு மக்கள், ஒக்கினாவா மக்கள், ஜப்பானில் வாழும் கொரியர், பெண்கள், உடல் ஊனமுற்றோர், தொழுநோயாளர் எனத் தனித்து ஒதுக்கப்பட்டுக் காலமெல்லாம் துன்புற்றோர், மினமாத்தாவில் ஆலைக் கழிவின் பாதரசத்தால் நோயுற்றோர் ஆகிய அனைவர்க்கும் அங்கே இடம் தந்தனர். 1903-இன் கொட்டகையில் ஐனுவும் ஒக்கினாவாவும் கொரியரும் இழிவுபடுத்துவதற்காக அருகருகே நிறுத்தப்பட்டனர். 1985-இன் கூடத்தில் அதே மக்கள் தோழமையால் அருகருகே நின்றனர். எந்தக் கண்ணும் அவர்களைக் கீழே நோக்கவில்லை.

இளைஞர்கள் மற்றொன்றும் செய்தனர். தம் முன்னோர் முரசு செய்தார்களே அன்றி, விழாக்களில் முன்நின்று முழக்கியவர்கள் பிறரே என்பதை எண்ணிப் பார்த்தனர். 1987-இல் நானிவா இளைஞர்கள் ஒரு முரசுக் குழுவை அமைத்தனர். அதற்கு அவர்கள் இட்ட பெயர் 'இக்காரி'. சினம் என்பது அதன் பொருள்! தொடர்வண்டி நிலையத்திலிருந்து செல்லும் தெருவும் முரசுச் சின்னங்கள் நிறுவப்பட்டு 'மனித உரிமை முரசுச் சாலை' ஆயிற்று. மறைத்த தொழிலை மாலையாக அணிந்தார்கள்.

இந்த அருங்காட்சியகத்தைக் காண நீங்கள் இன்று ஒசாகா சென்றால், காண முடியாது. அது 2020 மே 31 அன்று மூடப்பட்டுவிட்டது.

எவ்வாறு மூடப்பட்டது? அதன் செலவில் பெரும்பங்கு மாநில அரசும் நகராட்சியும் தந்த மானியத்தால் நடந்தது. ஆட்சிக்கு வந்தோரின் மனம் மாறியது. காட்சிகள் வேற்றுமைக் கொடுமையையே பேசுகின்றன, குழந்தைகளுக்குக் கனவும் நம்பிக்கையும் ஊட்டவில்லை என்று குறை கூறினர். 2013-இல் மானியம் நின்றது. ஆதரவாளர்களின் சந்தாவையும் நன்கொடையையும் கொண்டு ஏழாண்டுகள் அருங்காட்சியகத்தார் தாக்குப் பிடித்தனர். 2015-இல், நிலம் எமது, காலி செய்க என்று நகராட்சி வழக்குத் தொடுத்தது. பள்ளிக்காக அப்பகுதி மக்களே முன்னாளில் உவந்தளித்த நிலம் அன்றோ இது என்று அருங்காட்சியகத்தின் பக்கம் நின்றோர் எடுத்துரைத்தனர். 2020-இல் சமரசம் ஏற்பட்டது. இடத்தைவிட்டு நீங்க வேண்டியதாயிற்று. கோட்டைப் பூங்காவில் 1991 முதல் இயங்கும் அமைதி அருங்காட்சியகமும் 2015-இல் தன் காட்சிகளை மாற்றியது. ஜப்பான் படை அயல்நாடுகளில் செய்த கொடுமைகளைக் கூறிய பகுதிகள் அகற்றப்பட்டன. கொடுப்பவன் கை கதையையும் எழுதும் என்பதற்கு ஒரே நகரில் இரு சான்றுகள்.

2025-இல் அதே ஒசாகா மீண்டும் ஓர் உலகப் பொருட்காட்சியைச் சிறப்பாக நடத்தியது. அதற்கு நிலமும் பொருளும் கிடைத்தன. ஒரு பழைய பள்ளியின் இடத்தில் நின்ற நினைவகத்திற்குத்தான் இடம் இல்லாமற் போயிற்று.

இது யாரோ அயலாரின் கதை என்று எண்ணி விடாதீர்கள். புராக்கு விடுதலை இயக்கத்தாரின் முயற்சியால் 1988-இல் இன ஒதுக்கலுக்கு எதிரான ஒரு பன்னாட்டு இயக்கம் தோக்கியோவில் தோன்றியது. இந்திய நாட்டுத் தலித் அமைப்புகளோடு அது கைகோத்தது. தொழிலாலும் பிறப்பாலும் மனிதரை ஒதுக்குவதைப் பன்னாட்டு மனித உரிமைச் சட்டம் தடை செய்கிறது என்று ஐக்கிய நாடுகள் அவையின் மனித உரிமைத் துணைக் குழு 2000-ஆம் ஆண்டு ஆகஸ்டில் தீர்மானம் நிறைவேற்றியது. அத்தீர்மானத்திற்குப் பின்னே அவர்கள் குரலும் நம் குரலும் சேர்ந்தே ஒலித்தன.

இனி நம் கடமைக்கு வருவோம்.

நம் வீடுகளில் உள்ள தகரப் பெட்டிகளைத் திறந்து பாருங்கள். முதன்முதலாகப் பள்ளியிறுதித் தேர்வில் தேறிய தாத்தாவின் சான்றிதழ், இரவுப் பள்ளி நடந்தபோது எடுத்த புகைப்படம், நிலத்திற்குப் போட்ட மனுவின் படி, மாநாட்டுக்குச் சென்ற துண்டறிக்கை ஆகியவை அங்கே கறையான் தின்றுகொண்டிருக்கின்றன. அயோத்திதாசப் பண்டிதர் 1907-இல் தொடங்கிய இதழும், இரட்டைமலை சீனிவாசனார் 1893-இல் தொடங்கிய இதழும் நமக்குக் கற்பித்தது இதுவே: நம் வரலாற்றை நாமே எழுத வேண்டும். எழுதியதை நாமே காக்க வேண்டும் என்பதை ஒசாகா கற்பிக்கிறது.

நம் கழகக் கட்டடத்தில் ஓர் அறையை இதற்கென ஒதுக்க வேண்டுமென்று பொறுப்பாளர்களை வேண்டுகிறோம். பெரிய மண்டபம் வேண்டாம். நான்கு அலமாரிகள் போதும். மாணவர்கள் விடுமுறை நாள்களில் முதியோரிடம் சென்று கேட்டு எழுதி வரட்டும். கேட்கும்போது ஊரின் ஒரு தெருவை மட்டும் கேளாமல், துப்புரவுத் தொழிலாளர் குடியிருப்பையும், கைம்பெண்களாய்ப் பிள்ளைகளைப் படிக்க வைத்த தாய்மார்களையும் கேளுங்கள். அந்த அறையில் நமக்குள் மேல் கீழ் இருத்தலாகாது. ஒவ்வொரு தாளுக்கும் ஒரு படி எடுத்து வேறோர் இடத்திலும் வையுங்கள். எவரிடம் எதனைக் காட்டலாம், எதனைக் காட்டலாகாது என்பதையும் நாமே முடிவு செய்வோம்.

அரசின் மானியம் கிடைத்தால் பெறுவோம். அது நம் வரிப்பணம், நம் உரிமை. ஆனால் கூரை முழுவதும் ஒரே தூணின்மேல் நிற்கலாகாது. மாதந்தோறும் ஒவ்வொரு குடும்பமும் தரும் சிறு தொகையே மற்றைத் தூண்கள். நிலத்தின் பத்திரம் கழகத்தின் பெயரிலேயே இருக்கட்டும். கொடுத்த நிலத்தைப் பின்னர் நினைவூட்டிக்கொண்டு வழக்கு மன்றப் படியில் நிற்கும் நிலை நம் பேரப் பிள்ளைகளுக்கு வரலாகாது.

நானிவாவின் அருங்காட்சியகம் மூடப்பட்டது. ஆயினும் அங்கே முரசின் ஒலி நிற்கவில்லை. சினம் என்ற பெயர் தாங்கிய குழு மண்டபத்தை நம்பித் தோன்றியதன்று. மனிதர் கற்றுக்கொண்ட பின்னர்ப் பூட்டு எதனைப் பூட்டும்? இந்த 25 ஆண்டுகளில் நம் கழகம் எழுத்தறிவித்தது. இனி வரும் 25 ஆண்டுகளில் அவ்வெழுத்தைக் கொண்டு நம் கதையை எழுதுவோம். பொன்விழா நாளில் இங்கே கூடும் பிள்ளைகள், அந்த அறையைத் திறந்து, தம் பாட்டனின் கையெழுத்தைத் தம் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். அதற்கான திறவுகோல் அவர்களிடமே இருக்க வேண்டும்.